இரண்டாவது பிரேக்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சண்டையே வந்ததில்லை. கேட்பவர்கள் "கொடுத்து வெச்சவ நீ" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை வராததால்தான் ஒரு தையல்கடையின் முன்பக்கக் கண்ணாடி தூள்தூளாகி, ஒரு மனிதரின் மணிக்கட்டு உடைந்து, என் அம்மாவின் பிழைப்பே ஊசலாடியது. நான் அந்தக் காரின் பின்சீட்டில் இருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

என் அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, சுவரில் சாலைக் குறியீடுகள் போட்ட பெரிய படம், வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார், அவ்வளவுதான். அந்தக் காரை வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்து வைத்தாள். ஓட்டுபவருக்குப் பக்கத்துச் சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அம்மா அதை மிதிப்பாள். காலால் மிதிப்பதற்கு முன் வாயால் ஒரு மிதி மிதிப்பாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"ரோட்டை உங்க மாமனார் எழுதிக் கொடுத்துட்டாரா?"

"கிளட்சை விடச் சொன்னேன், உயிரை விடச் சொல்லல!"

ஊரில் பாதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கி லைசன்ஸ் வாங்கியவர்கள். பெரிய டாக்டர் ஒருவர் இன்றைக்கும் அம்மாவைக் கண்டால், நடந்து போய்க்கொண்டிருந்தாலும், தோளில் சீட் பெல்ட் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

என் மாமியார் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். உதட்டில் விரலை வைத்து மற்றவர்களை அடக்கியே பழகியவர். கரண்டி கீழே விழுந்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் எடுத்து வைப்பார். கத்திப் பிழைத்தவள் ஒருத்தி, அடக்கிப் பிழைத்தவர் ஒருத்தர். இந்த இருவரும் சம்பந்திகளானது என் தலையெழுத்து.

சம்பந்தி என்ற சொல்லில் அப்படி என்ன மந்திரம் இருக்கிறதோ, அத்தையைப் பார்த்ததும் என் அம்மாவின் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். "நீங்க முதல்ல உட்காருங்க சம்பந்தி." "ஐயோ, நீங்க உட்காருங்க சம்பந்தி." இருவரும் நின்றுகொண்டே இருப்பார்கள், டீ ஆறிப் போகும். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்துவிடுவோம்.

மாமா தவறிய பிறகு அவருடைய கார் எங்கள் வீட்டு ஷெட்டில் உறை போட்டு நின்றது. ஒருநாள் அத்தை அந்த உறையை எடுத்து உதறி மடித்து வைத்தார்.

"எங்க போகணும்னாலும் யாராவது கூட்டிட்டுப் போகணும்னு வாசலையே பாத்துட்டு உட்கார எனக்குப் பிடிக்கல. நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றார். கற்றுக்கொடுக்கத்தான் சொந்தத்திலேயே ஆள் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் வேறு எடுத்துக் கொடுத்தார்.

அத்தை நன்றாகத்தான் ஓட்டினார். மெதுவாக, அளவாக, புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைப்பதுபோலக் காரை நிறுத்துவார். ஆனால் பக்கத்தில் அம்மாவின் கால் இரண்டாவது பிரேக்மேல் இருப்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா லேசாகப் பாதத்தை அசைத்தாலே இவர் பதறிப்போய்த் தன் காலை எடுத்துவிடுவார். அம்மாவோ, மற்றவர்களானால் காது கிழிய நாலு வார்த்தை விட்டிருப்பாள், இவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு "அருமை சம்பந்தி, அருமை" என்பாள்.

அன்றைக்குக் காலையில் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் நான் மருந்தாளராக இருக்கிறேன். பாதி வழியில் அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கால் அந்த பிரேக்மேல இருக்கிறவரைக்கும் எனக்கு நம்பிக்கையே வர மாட்டேங்குது. நான் ஓட்டுறேனா நீங்க ஓட்டுறீங்களான்னே தெரியல. இன்னைக்கு ஒருநாள் காலைக் கொஞ்சம் எடுத்துக்க முடியுமா?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அம்மா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறக்கி விட்டிருப்பாள். சம்பந்தி கேட்டுவிட்டாரே! "அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலிருந்து பார்த்தேன். என் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அத்தையின் முகம் கண்ணாடியில் அவ்வளவு மலர்ந்திருந்தது, நான் விழுங்கிவிட்டேன்.

மருந்துக்கடைக்கு அடுத்த கடை தையல்கடை. மருந்துக்கடை வாசலில் ஒரு லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் தாண்டி ஓரமாக நிறுத்தத் திருப்பினார். திருப்பியது அதிகம், வேகமும் அதிகம். அம்மாவுக்கு அது முன்னாலேயே தெரிந்துவிட்டது. பின்சீட்டிலிருந்தே அவள் தோள் விறைப்பது எனக்குத் தெரிந்தது. மற்ற மாணவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரே வார்த்தைதான், "பிரேக்!" அம்மா இப்படி ஆரம்பித்தாள்:

"சம்பந்தி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்கலேன்னா, பிரேக்கைக் கொஞ்சம்..."

வாக்கியம் முடிவதற்குள் நாங்கள் தையல்கடைக்குள் இருந்தோம்.

கண்ணாடி மழைபோல் கொட்டியது. சட்டை போட்டு நிறுத்தியிருந்த பொம்மை காரின் முன்பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த டெய்லர் நிமிர்ந்து பார்த்துப் பின்னால் தாவியதில், கையை ஊன்றி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நல்லவேளை, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவும் அத்தையும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"என் தப்பு சம்பந்தி."

அடுத்த சில நாட்கள் இந்த ஒரு வாக்கியம் எங்களைப் படாதபாடு படுத்தியது. காப்பீட்டுக் கம்பெனியின் விசாரணை அதிகாரி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மேசைமேல் இரண்டு பொம்மைக் கார்கள் வைத்திருப்பாராம், நடந்ததை உருட்டிக் காட்டச் சொல்வாராம். அம்மா காரை உருட்டி, "என் கால் பிரேக்மேலதான் சார் இருந்தது. நான்தான் அழுத்த மறந்துட்டேன். அவங்க என்ன பண்ணுவாங்க, கத்துக்கிறவங்க" என்றாள். அத்தை அதே காரை உருட்டி, "அவங்க நிறுத்துங்கன்னு கத்தினாங்க, பிரேக்கையும் மிதிச்சாங்க. நான்தான் கேக்காம ஆக்சிலேட்டரை அழுத்திட்டேன்" என்றார்.

இருவரும் சொன்னது பச்சைப் பொய். அம்மா தன் கால் மடிந்திருந்ததைச் சொன்னால், மடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அத்தை அதைச் சொன்னால் அம்மாவின் தொழிலுக்குக் கேடு வரும். ஆளுக்கு ஆள் மற்றவரைக் காப்பாற்றுகிறார்களாம்!

அதிகாரி எனக்கு போன் செய்தார். குரலிலேயே களைப்புத் தெரிந்தது.

"பாருங்கம்மா, சட்டப்படி பயிற்சி வண்டியில ரெண்டாவது பிரேக் யாருகிட்ட இருக்கோ அவங்கதான் டிரைவர். பொறுப்பு அவங்களுது. ஆனா அவங்க நிறுத்தச் சொல்லி, பிரேக்கும் மிதிச்சு, கத்துக்கிறவங்க வேணும்னே மீறினா, பொறுப்பு இந்தப் பக்கம் மாறிடும். நஷ்டத்தை அவங்க கையிலிருந்து வாங்குவோம், மறுபடி ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. இப்போ ரெண்டு பேரும் எனக்கு உனக்குன்னு போட்டி போடுறாங்க. வண்டியில மூணாவதா இருந்தது நீங்கதான். வந்து சொல்லுங்க."

"அம்மா தப்புன்னா அம்மாவுக்கு என்ன ஆகும் சார்?"

"என் அறிக்கை லைசன்ஸ் அலுவலகத்துக்குப் போகும். கத்துக்கொடுக்கிற லைசன்ஸ் இருக்குமா இருக்காதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க."

அம்மாவுக்கு அந்தக் காரைத் தவிர ஒன்றும் தெரியாது.

அன்று சாயங்காலம் அத்தை சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். "ஏம்மா, உங்க அம்மா பிரேக் மிதிச்சாங்கன்னு சொல்லிடு. எனக்கு இந்த வயசுல கார் ஓட்டாட்டி என்ன, குடியா முழுகிப் போயிடும்?" என்றார். சொல்லும்போது ஷெட் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். "ஏண்டி, நான் அழுத்த மறந்துட்டேன்னு சொல்லு, போதும். அவங்க காலை எடுக்கச் சொன்னாங்கன்னு மட்டும் வாயைத் திறந்தே, நான் மனுஷியா இருக்க மாட்டேன். நீ வாழப்போன இடம்டி அது."

"அம்மா, உன் லைசன்ஸ் போயிடும்மா."

"போனா போகுது. நான் அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

என் வீட்டுக்காரரிடம் போய் முறையிட்டேன். அவர் நிதானமானவர். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நீ என்ன சொன்னாலும் நான் உன் பக்கம்" என்றார். அந்த ஆதரவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் பக்கம் எது என்று தெரிந்தால்தானே!

முடிவுக்குக் கொண்டுவந்தது டெய்லர்தான். கையில் மாவுக்கட்டோடு மருந்துக்கடைக்கு வலி மாத்திரை வாங்க வந்தார். அவர் கடை வாசலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பலகை அடித்திருந்தார்கள். பாதி வெட்டிய துணிகளெல்லாம் அப்படியே கிடந்தன.

"இன்னும் ஒண்ணும் நகரலையாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க நகருது! ரெண்டு பேரும் என் தப்பு என் தப்புன்னு அடிச்சுக்கிறாங்களாம். யார் தப்புன்னு முடிவாகாம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கம்பெனிக்காரன் சொல்றான். ரெண்டு நல்லவங்க நடுவுல வந்து மாட்டிக்கிட்டேன் தங்கச்சி. ஒரு கெட்டவன் இடிச்சிருந்தா இந்நேரம் எல்லாம் தீர்ந்திருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இடது கையால் மாத்திரை அட்டையைப் பிரிக்கப் பார்த்து முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் பிரித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் புத்தி தெளிந்துவிடும்.

அம்மா பக்கம் சாட்சி சொன்னால் அத்தை பொய்க்காரி ஆவார். அத்தை பக்கம் சொன்னால் அம்மா பொய்க்காரி. உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் பொய்க்காரிகள். எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

விசாரணைக்கு மூவரும் போனோம். அதிகாரியின் அறையில் ஒரு மின்விசிறி, இரும்பு அலமாரி, மேசைமேல் அந்தப் பொம்மைக் கார்கள். நாற்காலி இரண்டுதான் இருந்தது. "நீங்க உட்காருங்க சம்பந்தி." "பரவாயில்ல, நீங்க உட்காருங்க சம்பந்தி." அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். எனக்கு அங்கேயே பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் உட்காருங்க!" என்றேன். இருவரும் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்கள். "சார், எங்க அம்மா கால் பிரேக்மேல இல்ல. கீழேயே இல்ல. சீட்டுமேல சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. காலை எடுத்துக்கங்கன்னு எங்க அத்தை கேட்டாங்க. சம்பந்தி கேட்டுட்டாங்களேன்னு எங்க அம்மா எடுத்துட்டாங்க. பிரேக்குன்னு ஒரு வார்த்தை கத்த வேண்டிய இடத்துல, தப்பா நினைக்காதீங்கன்னு ஆரம்பிச்சு மரியாதையா பேசிட்டு இருந்தாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒருநாளாவது சண்டை போட்டிருந்தா அந்த டெய்லர் இன்னைக்குத் தைச்சிட்டு இருப்பார் சார்!"

அதிகாரி என்னையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஊரையே மிரட்டிய என் அம்மா தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"நிஜமாம்மா?"

"நிஜம்தான் சார்."

"மறந்தீங்கன்னா அது ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும்" என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. "யாருக்கும் மறதி வரும். ஆனா காலைத் தூக்கி மேல வெச்சுக்கிறது மறதி இல்ல. உங்க இடத்தை நீங்களே காலி பண்ணிட்டீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அத்தை எழுந்துவிட்டார். "நான் கேட்டேன் சார், அதனாலதான்..."

"நீங்க கேக்கலாம்மா. அவங்க செய்யக் கூடாது. பொறுப்பு அவங்களுது."

டெய்லருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. புதுக் கண்ணாடி வந்தது. அம்மாவின் பயிற்சி லைசன்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். மாணவர்கள் எல்லாம் மார்க்கெட் பக்கத்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள். அதை நடத்துபவருக்கு முட்டுச்சந்து என்று பட்டப்பெயர், எந்தத் தெருவில் ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார். அம்மா என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். போன் செய்தால் "ம்" என்பாள். அந்த "ம்" என்னை அறைந்தது போல் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை, "வா, உங்க அம்மாவைப் பாத்துட்டு வருவோம்" என்றார். அம்மா முன்னறையில் அந்த மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே வெள்ளைக் காரின்மேல் உறை போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சம்பந்தி, உட்காருங்க" என்றாள்.

அத்தை மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஒரு கணம் தடுமாறிப் போனாள்.

"நான் நாளையிலேருந்து மார்க்கெட் பக்கத்து ஸ்கூல்ல சேர்ந்துக்கலாம்னு இருக்கேன்" என்றார் அத்தை.

அம்மாவின் முகம் சிவந்தது. அவள் விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அந்த முட்டுச்சந்துகிட்டயா? அவன் ரிவர்ஸ் எடுத்தா தெருநாய்கூட எழுந்து ஓடும்! அவன்கிட்ட கத்துக்கிறதுக்கு நீங்க நடந்தே போகலாம்!"

"பின்னே என்னதான் பண்ணச் சொல்றீங்க?" அத்தையின் குரல் உயர்ந்தது. அந்தத் தொண்டைக்குள் இவ்வளவு சத்தம் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "ஊரையே திட்டுறீங்க, என்னை மட்டும் பீங்கான் பொம்மை மாதிரி வெச்சிருந்தீங்க! எனக்கு வராதுன்னு மனசுக்குள்ள நினைச்சுதானே திட்டல? அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தா நான் மிதிச்சிருக்க மாட்டேனா?"

"காலை எடுங்கன்னது யாரு? என் பொழப்பே அந்தக் கால்லதான் இருக்கு! உங்களாலதான் என் லைசன்ஸ் போச்சு!"

"உங்களாலதான் நான் ஒரு மனுஷன் கையை உடைச்சேன்!"

"உங்களால!"

"உங்களால!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இருவரும் மூச்சு வாங்கினார்கள். அத்தைக்குக் கண்ணில் நீர் நின்றது. அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அத்தைதான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, நூலகத்தில் சிரிப்பதுபோல. அம்மாவும் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் மேசைமேல் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அவன்கிட்ட போகாதீங்க. ஆறு மாசம் பொறுங்க" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி அங்க நின்னு பல்லைக் காட்டுற? போய் டீ போடு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு டீ ஆறவில்லை.

ஆறு மாதம் கழித்து அம்மாவின் முதல் மாணவி அத்தைதான். நான் வழக்கம்போல் பின்சீட்டில். கடைத்தெருவுக்குள் கார் திரும்பியதும், வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த டெய்லர் எங்களைப் பார்த்தார். எழுந்தார், நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தார், பொம்மையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு அதையும் உள்ளே கொண்டுபோனார்.

"என்ன சம்பந்தி இது, கல்யாண ஊர்வலமா? கியரை மாத்துங்க! கண்ணாடியைப் பாருங்க! உங்க கண்ணாடியை இல்ல, வண்டிக் கண்ணாடியை!" என்று கத்திக்கொண்டே வந்தாள் அம்மா. அத்தையின் முகம் முழுக்கச் சிரிப்பு.

மருந்துக்கடை வந்தது. "பிரேக்!" அத்தை மிதித்தார். கார் ஓரத்தில் அழகாக நின்றது. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். மறுபடி கிளம்புவதற்கு முன் அத்தை பக்கத்துச் சீட்டின் அடியில் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, கால் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீங்க ரோட்டைப் பாருங்க!"